ஏறாத பூச்சு

"இந்தத் தடவையும் கோட்டை விட்டுட்டியேக்கா! பார்த்ததும் கண்டுபிடிச்சிடுவாரு!"

தங்கை வளையலை மேசைமேல் எறிந்தாள். முலாம் பட்டறை நடத்தும் அக்காள் அதை விளக்கொளியில் திருப்பிப் பார்த்தாள். பூவேலையின் மேடுகளில் செம்பும் துத்தநாகமும் கலந்த முலாம் தடித்திருந்தது. குழிகளிலோ, அடியிலிருந்த உலோகம் ஒளிய மறுத்தது.

"நான் என்னடி பண்ண? கரண்டைக் கூட்டினா விளிம்பு கருகுது. குறைச்சா குழியில ஏறமாட்டேங்குது. தொட்டியைச் சூடாக்கினா செம்பு மிஞ்சி, செவசெவன்னு நிக்குது!"

"சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்துடுவாரு. வீட்டுல உப்பு தீர்ந்தது தெரியாது; நகைன்னா மட்டும் மூக்குல வேர்த்துடும். கண்டுபிடிச்சா என் நர்ஸ் படிப்புக்கு முழுக்குதான்."

தன் கை வளையலுக்காகத் தன் வீட்டிலேயே ஒரு பெண் நடுங்க வேண்டுமென்றால், அது வீடா? கூரை வேய்ந்த சிறை!

அக்காள் பல்லைக் கடித்தாள். வளையலைக் கடும் அமிலத்தில் அமிழ்த்தினாள். முலாம் நுரைத்துக் கரைந்தது. வளையல் வடுவின்றி வெளியே வந்தது.

கழுவினாள், எண்ணெய்ப் பிசுக்கு அறத் துடைத்தாள். மிதமான சூடு, குறைந்த மின்சாரம், கரைசலை விடாது கலக்கும் கை. மறுபடியும் தொட்டியில் தொங்கவிட்டாள். காத்திருப்பது பெருங்கொடுமையாக இருந்தது.

வெளியே எடுத்தபோது எல்லாம் மூடியிருந்தது, ஒரே ஒரு குழியைத் தவிர. அது மட்டும் திமிராக மினுக்கியது. தங்கை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"சனியன் பிடிச்ச பூவேலை!" என்று அக்காள் கையுறையைக் கழற்றி வீசினாள்.

சத்தம் கேட்டு, பக்கத்து அறையிலிருந்து மெருகு போடும் பெண்மணி எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"ஒரு வளையலுக்கா இந்தப் பாடு? உன் வீட்டுக்காரர் என்ன, பூதக்கண்ணாடி வச்சா பார்க்கப் போறாரு? கவரிங்னா கொஞ்சம் பல்லிளிக்கத்தான் செய்யும், கண்ணு!"

தங்கைக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாய்ப் பொங்கின. மெருகுக்காரி பக்கம் திரும்பினாள்.

"சங்கிலி, கம்மல் எல்லாத்தையும் சீட்டாட்டத்துல தோத்த மனுஷன்க்கா அவர். என் படிப்புச் செலவுக்குன்னு மிஞ்சினது வளையல்தான்; அதையும் வித்துட்டேன், இது கவரிங்னு அவர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். கவரிங் பல்லிளிச்சா கவலையே இல்லையே… இங்கே பல்லிளிக்கிறது தங்கம்!"