எழுத்து வராத போன்

"என்னக்கா இது, வேலை லிஸ்ட்டா, நூல் கடையா?"

சுவரில் இருந்த இரண்டு ஆணிகளைப் பார்த்துச் சிரித்தான் தினேஷ். கலாவதிக்குச் சுருக்கென்றது.

பிள்ளையார்பாளையத்தில் காயத்ரியின் பட்டுச் சாயப்பட்டறையில் பத்தொன்பது வருடமாக வேலைச் சீட்டு எழுதுகிறவள் அவள். ஒரு வேலைக்கு ஒரு சீட்டு. யாருடைய நூல், என்ன நிறம், எத்தனை கிலோ என்று எழுதுவாள். சீட்டின் மூலையில் அந்த நிறத்தில் ஒரு துண்டுப் பட்டு நூல் கட்டி, கிலோவுக்கு ஒரு முடிச்சுப் போடுவாள். இடது ஆணியில் தொங்கினால் செய்ய வேண்டியது. வலது ஆணிக்குப் போனால் முடிந்தது.

"எழுதியும் வெச்சு, நூலும் கட்டி, முடிச்சும் போட்டு... ஒரே விஷயத்தை எத்தனை தடவைக்கா சொல்லுவீங்க? போன்ல ஒரு வரி அடிச்சா முடிஞ்சுது."

"ஆமாம்பா, நீ நேத்து வந்தவன். உனக்கு எல்லாம் தெரியும்."

போன மாதம் ஒரு சீட்டு சாயத் தொட்டியில் விழுந்து கரைந்து, யாரோ ஒரு பெண்ணின் முகூர்த்தப் புடவை நான்கு நாள் தள்ளிப் போய்விட்டது. அதிலிருந்து காயத்ரிக்குச் சீட்டைக் கண்டாலே ஆகவில்லை. வேலைக் கணக்கையெல்லாம் போனில் ஏற்றித் தர, சென்னையிலிருந்து தினேஷை வரவழைத்துவிட்டாள்.

"திங்கக்கிழமையிலேருந்து ஆளுக்கொரு போன். அவங்கவங்க வேலையை அவங்கவங்களே படிச்சு, முடிச்சதும் ஒரு தடவை தொட்டுடணும். சீட்டு கிடையாது" என்றாள் காயத்ரி.

கலாவதி தொட்டிப் பக்கம் பார்த்தாள். நூலைத் தோய்த்துக்கொண்டிருந்த வேலாயுதம் மாஸ்டர் தலை நிமிரவில்லை.

மாஸ்டருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

பட்டறையில் அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் 'மாம்பழ மஞ்சள்' என்று எழுதிக் கொடுத்த சீட்டுக்கு, கிளிப்பச்சையில் நூலைத் தோய்த்து வைத்தார். மறுநாளே அவள் நூல் கட்ட ஆரம்பித்தாள். ஏன் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

தினமும் காலையில் டீக்கடையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்காருகிற மனிதர் அவர். பக்கத்தில் இருப்பவர் சத்தமாகப் படிப்பார். இவர், "ம்... நானும் பாத்தேன்" என்று தலையாட்டுவார்.

அன்று மத்தியானம் மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"கலா, ஓரிக்கையில தங்கச்சி கூப்டுக்கினே இருக்குது. இந்த வாரத்தோட நின்னுக்கலாம்னு பாக்கறேன்மா."

"ஐம்பத்தாறு வயசு ஒரு வயசாண்ணா? சும்மா இருங்க."

"கண்ணு முன்ன மாதிரி இல்ல."

அந்தக் கண்தான் அன்று காலையில், எல்லோரும் ஒரே அரக்கு என்று சொன்ன இரண்டு கட்டு நூலை வாங்கிப் பார்த்து, "இது ஒரு கொதி ஜாஸ்தி" என்று சொன்னது. கண்ணாடி கூடப் போடவில்லை. தினேஷே வாயைப் பிளந்தான்.

சனிக்கிழமை தினேஷ் ஒரு தாளை நீட்டினான்.

"மாஸ்டர், உங்க வேலையெல்லாம் அச்சடிச்சிருக்கேன். சரியா இருக்குதான்னு படிச்சுப் பாத்து சொல்லுங்க."

மாஸ்டர் வாங்கினார். அவர் கட்டைவிரல் தாளின் மூலையைத் தடவிப் பார்த்தது. அங்கே நூல் இல்லை.

"கண்ணாடியை வீட்லயே வெச்சுட்டேன்பா."

கலாவதி வந்து தாளைப் பிடுங்கிக்கொண்டாள். "கை ஈரத்தோட இருக்கறவர்கிட்ட தாளைக் குடுக்கறியே, அறிவிருக்குதா? குடு, நான் பாக்கறேன்."

தினேஷ் ஆணியில் தொங்கிய சீட்டுகளின் மூலைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான்.

திங்கட்கிழமை எல்லோர் கையிலும் போன் வந்தது. கலாவதி மாஸ்டரின் போனைத்தான் முதலில் எட்டிப் பார்த்தாள்.

திரையில் இரண்டு ஆணிகள். இடது ஆணியில் வரிசையாக நூலின் படங்கள். படத்துக்குக் கீழே கிலோவுக்கு ஒரு புள்ளி. தொட்டால் பேசியது. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வெறும் கட்டங்கள்.

"எழுத்து எங்கப்பா?" என்றாள் காயத்ரி.

"தமிழ் எழுத்து இதுல விழ மாட்டேங்குது மேடம். அதனால படமும் குரலுமா போட்டுட்டேன். போட்டோவுல நிறம் கொஞ்சம் மாறும், நூல் மட்டும் சுவத்துலயே தொங்கட்டும்."

"எப்ப சரியாகும்?"

"சொல்ல முடியாது மேடம்."

"இவ்ளோ படிச்சிருக்க, நாலு எழுத்து வரவழைக்கத் தெரியலையா? உன்னைப் போய் பெரிய ஆளுன்னு சொன்னாங்க பாரு!"

பட்டறையே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் கலாவதி. "நூல் கடைன்னு கேலி பண்ணினியே! கடைசியில என் கடையைத்தானே தூக்கி போன்ல வெச்சிருக்க?"

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து நிதானமாகத் துடைத்தார். "என்னப்பா நீ? படிக்கலாம்னு இன்னிக்கு மறக்காம எடுத்தாந்தேன்."

"மன்னிச்சிடுங்க மாஸ்டர்" என்று தலையைக் குனிந்துகொண்டான் தினேஷ்.

மாஸ்டர் முதல் படத்தைத் தொட்டார். "மாம்பழ மஞ்சள், மூணு கிலோ" என்றது போன்.

"ம்... நானும் பாத்தேன்" என்று தலையாட்டிவிட்டுத் தொட்டிக்குப் போனார். ஓரிக்கைப் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

தினேஷ் வேலையில் அரைகுறையாக இருந்ததும் நல்லதாப் போச்சு என்று நினைத்தபடி, கலாவதி தன் போனைத் திறந்தாள்.

ஒவ்வொரு படத்தின் கீழும் பளிச்சென்று தமிழ் எழுத்து. பெயர், நிறம், கிலோ, ஒன்று விடாமல். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குறிப்பு இருந்தது.

'அக்கா, உங்க போன்ல மட்டும் எழுத்து வரும். யார்கிட்டயும் காட்டாதீங்க. மத்த போன்ல இருக்கிற கோளாறை நான் சரி பண்றதா இல்லை.'