அத்தானுடைய அலை

"ஒரே எடத்துல நின்னு சுத்தறதுக்கு எதுக்கு அத்தான் ஆறு? வாஷிங் மெஷின்ல உக்காந்தா ஆகாதா?"

மச்சான் இதைக் கேட்டபோது கார் ஆற்றுப் பாதையில் திரும்பிக்கொண்டிருந்தது. கூரையில் கட்டியிருந்த குட்டிப் படகு முன்பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு ஆள் காலை உள்ளே விட்டு இடுப்புவரை புதைந்துகொள்ளும் கயாக்.

"உனக்கென்னடா தெரியும்? மத்தவன் ஆத்தோட போவான். நான் ஆத்துக்கு எதிரா அலை மேல உக்காந்து, படகோட குட்டிக்கரணம் போடுவேன். அந்த அலை ஒரே எடத்துல நிக்கும், நகராது. இப்படி ஒரு அலை நான் பாத்த எந்த ஆத்துலயும் இல்ல."

"குட்டிக்கரணத்துக்குக் குரங்கே போதுமே."

அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டார். மாமியார் வீட்டில் அவருக்குப் பெயரே 'தொட்டி வீரர்'. வைத்தது இந்த மச்சான்தான். சின்னக் குழந்தைகள்கூட அப்படியே கூப்பிட்டன. அடுத்த மாதம் அவருக்குத் தோளில் ஆபரேஷன். அதற்கப்புறம் துடுப்பைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் இவன் கண் முன்னால் ஒரே ஒரு குட்டிக்கரணம். அதற்காகத்தான் கடல் தாண்டி இவனையும் இழுத்து வந்திருந்தார்.

"இந்த ஊர்க்காரங்களுக்கு அருமை தெரியல. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை! போன வருஷம் தண்ணி கொறைஞ்ச அன்னிக்குப் பாத்தா, அடியில டயர், கட்டில், பாலத்துலேர்ந்து என்னிக்கோ விழுந்த லாரி, பிளாஸ்டிக் நாற்காலி... ஊரே குப்பைத்தொட்டியா வெச்சிருக்கு. படகுக் கொட்டகைக்காரம்மாவைக் கிழி கிழின்னு கிழிச்சேன். ஒரு துரும்பு இல்லாம எல்லாத்தையும் எடுக்கணும், இல்லேன்னா நானும் வரமாட்டேன், என் கூட்டாளிங்களையும் வர விடமாட்டேன்னு சொல்லிட்டுத்தான் கிளம்பினேன்."

"பாவம், அந்தம்மா."

"என்னடா பாவம்? இவங்களையெல்லாம் திட்டினாத்தான் வேலை நடக்கும்."

கொட்டகையில் ரப்பர் வாடை அடித்தது. எப்போதும் ஈர உடைகள் தொங்கும் கொடிகள் இந்த முறை வெறுமனே கிடந்தன. கொட்டகைக்காரம்மா பிழைக்க வந்து இந்த ஊரிலேயே தங்கிவிட்ட நம் பாஷைக்காரர். கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"வாங்க சார். நீங்களாவது வந்தீங்களே. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"குப்பையை எடுத்தீங்களா, இல்லையா?"

"எடுத்தாச்சு சார். ஆனா..."

"ஆனா, ஆவன்னா எல்லாம் அப்புறம். பாத்தியாடா? திட்டினா நடக்கும்னு சொன்னேன்ல!"

அத்தான் ரப்பர் உடைக்குள் தொந்தியைத் திணிக்க ஆரம்பித்தார். மச்சான் சுவரில் சாய்ந்துகொண்டு ரசித்தான்.

"பாம்பு சட்டையை உரிக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். மாட்டறதை இப்பத்தான் பாக்கறேன்."

"இன்னும் கொஞ்ச நேரம்தான்டா. அப்புறம் உன் வாய் தானா மூடும்."

செருப்பைக் கரையில் உதறிவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, படகோடு சரிவில் இறங்கினார். இறங்கியவர் அப்படியே நின்றார்.

ஆறு சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு சுருக்கம்கூட இல்லை, இஸ்திரி போட்டதுபோல.

"எங்க அத்தான் அலை? லீவுல போயிருக்கா?"

பாறையில் வரைந்திருந்த அளவுக்கோட்டைப் பார்த்தார். தண்ணீர் வழக்கமான உயரத்தைத்தான் தொட்டுக்கொண்டிருந்தது. படகில் ஏறி நடு ஆற்றுக்குப் போனார். மேலே போனார், கீழே வந்தார். கழன்று விழுந்த மோதிரத்தைத் தேடுவதுபோல் தண்ணீருக்குள் எட்டி எட்டிப் பார்த்தார். கடைசியில் ஆத்திரம் தாங்காமல், அலையே இல்லாத இடத்தில் படகின் மூக்கை அழுத்திக் குட்டிக்கரணத்துக்கு முயன்றார். படகு சோம்பேறி எருமைபோல் பக்கவாட்டில் சாய்ந்து கவிழ்ந்தது. ஒருவழியாக நிமிர்ந்தபோது மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் தண்ணீர் கொட்டியது.

மச்சான் கைதட்டினான். "பிரமாதம்! தொட்டி வீரர் இப்ப வாளி வீரர் ஆயிட்டார். அக்காவுக்கு வீடியோ அனுப்பிட்டேன்."

அத்தான் கரையேறியதும் கொட்டகைக்காரம்மாமீது பாய்ந்தார்.

"என் அலையை என்னங்க பண்ணினீங்க? மேல அணை கட்டிட்டாங்களா?"

"இல்ல சார்."

"மண்ணு அள்ளினாங்களா?"

"அதெல்லாம் இல்ல சார். நீங்க வந்ததுலேர்ந்து சொல்ல வர்றேன், நீங்கதான்..."

"சொல்லாதீங்க! உங்களுக்கெல்லாம் ஒரு ஆத்தைக் கட்டிக் காப்பாத்தத் துப்பு இருக்கா? எந்த மடையன் இதுல கை வெச்சான்? ஆளைக் காட்டுங்க. ஆள் இல்லேன்னா அவன் போட்டோவையாவது காட்டுங்க, செருப்பாலயே அடிக்கிறேன்!"

கொட்டகைக்காரம்மாவின் முகம் இறுகியது. கொட்டகையின் பின்பக்கமாகக் கையை நீட்டினார்.

அங்கே புல்லில், துருவும் பாசியுமாக ஒரு லாரி ஒருக்களித்துக் கிடந்தது. அதன் கதவில் ஒரு போர்டு. ஹெல்மெட் போட்டுக்கொண்டு கட்டைவிரலை உயர்த்திச் சிரிக்கும் அத்தானின் பெரிய போட்டோ. கீழே, 'நம் ஆற்றைச் சுத்தமாக்க வைத்தவருக்கு நன்றி'.

"உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்னு போர்டை முன்னாடியே எழுதி வெச்சுட்டோம்," என்றார் கொட்டகைக்காரம்மா. "கிரேன் இந்த லாரியைத் தூக்கின நிமிஷம் அலை படுத்துடுச்சு சார். இத்தனை வருஷமும் தண்ணி இதுல முட்டித்தான் எழும்பியிருக்கு."

மச்சான் குனிந்து கரையில் கிடந்த செருப்பை எடுத்து, மண்ணைத் தட்டி, ரொம்ப மரியாதையாக அத்தானிடம் நீட்டினான்.