புகை வராத வீடு

“ஏன்டி செல்லம், இன்னைக்கு உலை வைக்கலையா?”

பக்கத்து வீட்டு ராக்கம்மா வாசலில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

“வெச்சாச்சுக்கா.”

“புகையே காணோமே?”

“விறகு நல்லாக் காஞ்சிருக்கு.” செல்லம் சட்டென்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

விஷயம் அடுப்பில் இருந்தது. கைப்பிள்ளைக்குப் புகையால் ஓயாத இருமல். ரப்பர் ஷீட் காயப்போடும் புகைக்கூடத்து அடுப்பை மாற்றிக் கட்டியபோது, நாலு துண்டுக் கம்பிகளைக் கழித்துப் போட்டார்கள். யாருக்கும் தெரியாமல் அவற்றைச் சாக்கில் சுருட்டி எடுத்து வந்துவிட்டாள். பழைய மண் அடுப்புக்குள் குறுக்கே பதித்து, அடியில் காற்றுக்கு ஓட்டை விட்டு, வாயைச் சின்னதாக்கிப் பூசினாள். விறகு பாதிதான் ஆச்சு. புகை போயே போச்சு. பிள்ளை நிம்மதியாகத் தூங்கினான்.

ஆனால் கம்பி எடுத்தது தெரிந்தால் திருட்டு என்பார்களே!

அதைவிடப் பெரிய பயமும் இருந்தது. வெள்ளைக்கார அரசாங்கம் போட்ட அவசரகாலம். தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்வேலி. அரிசி வாராவாரம் அளந்துதான். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகிறதென்று சந்தேகம் வந்தால் போதும், போலீஸ் லோரி வந்துவிடும். போன மாசம் கோலா பிலா பக்கத்துத் தோட்டத்தில் ஒரு குடும்பத்தையே ஏற்றிப் போனார்கள்.

‘புகை வராத வீட்டு அரிசி எங்கே போகுது’ என்று ராக்கம்மா வாய் திறந்தால்?

மூன்றாம் நாள் சாயங்காலம் அது நடந்தே விட்டது. ராக்கம்மா, தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் கையை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். கை காட்டியது செல்லத்தின் கூரையை.

கொஞ்ச நேரத்தில் இருவரும் வாசலில். ராக்கம்மா முந்தானைக்குள் எதையோ மறைத்துப் பிடித்திருந்தாள்.

செல்லத்துக்குப் பொறுக்கவில்லை.

“வாங்க மண்டோரய்யா, நல்லாப் பாருங்க! நாலு கம்பி எடுத்தேன், அது நிஜம். அரிசி ஒரு மணிகூட வெளிய போகலை. கோள் சொன்ன புண்ணியவதியும் வந்து பார்க்கட்டும்!”

மண்டோர் குனிந்து பார்த்தார். கம்பிமேல் விறகு செக்கச்செவேலென்று எரிந்தது. பானையில் சோறு கொதித்தது.

“அட, புகையே இல்லலா! குப்பைக்குப் போற கம்பியை யாரு கேக்கப் போறா? நாளைக்கு எங்க வீட்டுக்காரியை அனுப்புறேன், அவளுக்கும் சொல்லிக் குடு” என்று சிரித்தார். “ஆமா, உன்மேல யாரு கோள் சொன்னா? சோத்தை வீடு விட்டு வீடு கொண்டு போகக் கூடாதுன்னு உத்தரவாச்சே, அதான் இந்தம்மா எங்கிட்டக் கேட்டு வந்துச்சு. பிள்ளைக்குப் பால் குடுக்கிற பொண்ணு வீட்டுல மூணு நாளா அடுப்பு எரியலைன்னு ஒரே அழுகை.”

ராக்கம்மா முந்தானையை விலக்கினாள். மங்குக் கிண்ணம் நிறையச் சுடுசோறு.



ராக்கம்மா தன் கையிலிருந்த சோற்றையும் பார்த்தாள், கொதிக்கும் பானையையும் பார்த்தாள்.

“அடிப்பாவி! அப்ப மூணு நாளா நான் அரை வயித்தோட பிடி பிடியா அரிசி ஒதுக்கி வெச்சது எதுக்குடி?”