குறை சொல்லி விற்ற வண்டி

பிக்கப் வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. வண்டி வாங்க வந்த கட்டில்காரர் குனிந்து, அந்தக் கால்களைப் பார்த்தே பேச்சைத் தொடங்கினார்.

“அண்ணே, வண்டி விக்கிறதுன்னு பேப்பர்ல பார்த்தேன். இன்னும் இருக்கா, போயிடுச்சா?”

கால்கள் ஆடாமல் அசையாமல் கிடந்தன. அடுத்த நொடி, தலை எதிலோ ‘ணங்’கென்று இடிக்கும் சத்தம் கேட்டது. கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தார்.

முதுகுக்கு அடியில் விரித்துப் படுத்திருந்த பேப்பரை எடுத்து உதறி மடித்தார். அதில் வண்டி விளம்பரத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தது. கொடுத்த விளம்பரம் ஒழுங்காக வந்திருக்கிறதா என்று சரிபார்த்திருக்கிறார், கறாரான ஆள்தான் என்று கட்டில்காரர் நினைத்துக்கொண்டார்.

“உங்களுக்கு எதுக்குங்க இந்த வண்டி?” என்றார் சட்டைக்காரர். வரவேற்பே சரியில்லை.

“கட்டில், அலமாரி செஞ்சு விக்கிறேன் அண்ணே. ஏத்திட்டுப் போக நம்பிக்கையா ஒரு வண்டி வேணும்.”

“கட்டிலா? இதுலயா? தலையணை ஏத்தினாலே முனகுமேங்க!”

கட்டில்காரர் அசந்து போனார். அவருக்கு இது மூன்றாவது வண்டி. முந்தைய இரண்டையும் விற்ற புண்ணியவான்கள் ‘கண்ணை மூடிட்டு வாங்கலாம்’ என்றார்கள். அவரும் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினார். மனிதருக்குச் சொன்னதை அப்படியே செய்கிற பழக்கம்.

போன வாரம் இரண்டாவது வண்டி கொட்டுகிற மழையில் நடுரோட்டில் படுத்துவிட்டது. புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று கட்டில் வராமல் தரையில் படுத்து, மறுநாள் போனில் வாங்கு வாங்கென்று வாங்கியது. நாளைக் காலை இன்னொரு வீட்டுக்குக் கட்டில் போயாக வேண்டும், இதுவும் சொதப்பினால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

அதனால்தான் இன்று கிளம்பும்போது அவர் மனைவி வாசல்வரை வந்து சொல்லி அனுப்பியிருந்தாள். “பெருமை பேசுறவன்கிட்ட வாங்கினது போதும். குறையைச் சொல்லி விக்கிறவன் எவனாவது இருந்தா அவன்கிட்ட வாங்குங்க. இல்லேன்னா கட்டிலை நீங்களே தலையில தூக்கிட்டுப் போங்க.”

அப்படி ஒருவன் உலகத்தில் இருப்பான் என்று அவளே நம்பியிருக்க மாட்டாள். இதோ, கட்டம் போட்ட சட்டையில் கண் எதிரே நிற்கிறார்.

“டயரு புதுசா இருக்கே அண்ணே?”

“பார்க்கத்தான் புதுசு. உள்ளுக்குள்ள மனசு விட்டுடுச்சு.”

“பேட்டரி?”

“காலையில எழுந்திருக்கவே எழுந்திருக்காது, என் மச்சான் மாதிரி. அதுகூடப் பரவாயில்லைங்க. வைப்பரைப் போட்டா ஹார்ன் அடிக்கும், ஹார்ன் அடிச்சா கதவு திறந்துக்கும்.”

கட்டில்காரர் பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். எஞ்சின் துடைத்து வைத்த பாத்திரம்போல இருந்தது. ஆயில் கம்பியை உருவிப் பார்த்தார், ஆயில் தேன் நிறத்தில் சுத்தமாக இருந்தது.

“ஆயில்கூட நேரா நேரத்துக்கு மாத்தியிருக்கே!”

“எல்லாம் வெளிவேஷம். நம்பாதீங்க.”

“சரி, சாவியைக் குடுங்க. ஒரு சுத்து ஓட்டிப் பார்த்துடறேன்.”

“சாவி உள்ள இருக்கு, தேடிட்டு இருக்காங்க. ஆனா ஓட்டிப் பார்க்கறதெல்லாம் வேண்டாங்க. நீங்க பிள்ளைகுட்டிக்காரர்.”

கட்டில்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற தகப்பன்கூட அவர்மேல் இத்தனை அக்கறை காட்டியதில்லை. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனிதரா!

அந்தக் கண்ணீரைப் பார்த்ததும் சட்டைக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. “ஏங்க, ஊர்ல ஆயிரம் வண்டி இருக்கு. இந்தத் தகர டப்பாவைக் கட்டிக்கிட்டு அழணும்னு உங்களுக்கு என்ன தலையெழுத்தா? பேசாம போய்ச் சேருங்க!” என்று கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

“முடியாது அண்ணே.” கட்டில்காரர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “இந்த வண்டி எனக்குத்தான். பேரமே கிடையாது. பேப்பர்ல போட்ட விலையை அப்படியே தர்றேன்.”

சட்டைக்காரரின் முகம் பேயறைந்தது போல ஆனது. “அப்படியேவா? கொஞ்சம்கூடக் குறைக்காமலா?”

“இவ்வளவு உண்மை பேசுற வாய்கிட்ட எப்படி அண்ணே பேரம் பேசறது? எனக்கே அசிங்கமா இருக்காதா?”

சட்டைக்காரர் அப்படியே பின்சக்கரத்தின்மேல் சாய்ந்துவிட்டார். விற்க மனசில்லை போலிருக்கிறது, பாவம், பிள்ளை மாதிரி வளர்த்த வண்டி என்று கட்டில்காரர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

அப்போது வீட்டுக் கதவு திறந்தது. முந்தானையால் சாவியைத் துடைத்துக்கொண்டே ஒரு அம்மாள் படியிறங்கி வந்தாள். “பீரோவுக்குப் பின்னாடி விழுந்து கிடந்ததுங்க. நகர்த்தறதுக்குள்ள இடுப்பே போச்சு.”

கட்டில்காரர் பாய்ந்து போய்க் கும்பிடு போட்டார். “அக்கா, போட்ட விலைக்கே வண்டியை நான் எடுத்துக்கறேன். உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு தங்கமான மனுஷனை நான் பார்த்ததே இல்லை!”

அந்த அம்மாள் கட்டில்காரரைப் பார்த்தாள். பிறகு, டயரோடு டயராக ஒட்டிக்கொண்டிருந்த சட்டைக்காரரைப் பார்த்தாள்.

“என் வீட்டுக்காரரா? விலையைக் குறை, விலையைக் குறைன்னு மூணு நாளா வந்து என் உசுரை வாங்கிட்டிருக்கிற ஆளுங்க இவரு!”