போய்ட்டு வாரேனுங்க

"12-8-1995. இன்று ஒரு தவறு. எங்கள் பட்டறைப் பெரிய முதலாளி சுந்தரராஜுலு வீட்டிலிருந்து கிளம்பும்போது, ‘போய்ட்டு வாரேனுங்க’ என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்."

எழுதும்போதே இல்யாஸுக்கு உடம்பு கூசியது.

வாசலில் வாடகை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சொந்தபந்தம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. தோட்டத்துப் பங்குப் பேச்சை நிறுத்திவிட்டு மூத்த மகன் ஜெகநாதன் எகிறினார்.

"ஏந் தம்பி, எழவு ஊட்ல சொல்ற பேச்சா இது? இன்னொரு எழவுக்கு வாரியா?"

"சாயங்கால வகுப்புல மனோதத்துவம் படிக்கிறாராமுங்க!" என்றார் மருமகன். எல்லாரும் சிரித்தார்கள்.

வாய் தவறினால் அடிமனசு ஆசை வெளியே வரும் என்று நேற்றுத்தான் வகுப்பில் சொன்னார்கள். அப்படியானால் யார் சாக வேண்டுமென்று தனக்கு ஆசை? இல்யாஸ் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தான். ஜெகநாதனைக்கூட. ஒருவரும் சிக்கவில்லை.

பிறகு, கிளம்புவதற்குச் சற்று முன் அந்த வீட்டு உள்ளறையில் நடந்ததை நினைத்தான். ‘தவறு’ என்ற சொல்லை அடித்துவிட்டு எழுதினான்:

"வாய் தவறியது எனக்கல்ல. நான் பிழிந்து கொடுத்த சாறு முழுவதையும் குடித்துவிட்டு, ‘நாளைக்கும் வா கண்ணு’ என்றார் பெரிய முதலாளி.

நாளை: நாலு சாத்துக்குடி வாங்க வேண்டும்."