துவைகல்

செல்லக்கனி வளர்த்த செவலைக் கிடாயின் கழுத்தில் ஆட்டு வியாபாரி கயிற்றை மாட்டினார். யாரிடமும் நிமிர்ந்து பேசாதவள், "அது சாமிக்கு நேர்ந்துவிட்ட கெடா" என்று சொல்லிவிட்டாள். வியாபாரியின் கை சுட்டதுபோல் விலகியது. நேர்ந்துவிட்டதைக் கட்டக்கூடாது, விற்கக்கூடாது. அந்தச் சாமியின் கொடைத் திருவிழா அன்றுதான் வெட்டலாம்.

"ஏட்டி, எந்தச் சாமிக்கு?" என்று அப்பா கத்தினார். செல்லக்கனி கிடாயைப் பார்த்தாள். எந்தச் சாமியின் பெயரைச் சொன்னாலும் அடுத்த கொடையில் கிடாயின் தலை விழும்.

கயிறு மண்ணில் இழுபட, கிடா தானாகவே நடந்து கிணற்றடிக்குப் போனது. அங்கே துணி துவைக்கிற கல்லின் முன்னால் முன்னங்கால்களை மடித்துப் படுத்தது.

"அதுக்குத் தெரிஞ்சிருக்கு, நமக்குத்தான் தெரியல" என்று வியாபாரி செருப்பைக் கழற்றினார். "இந்தச் சாமிக்குக் கொடை எப்போ அண்ணாச்சி?"

துவைகல்லுக்கு ஏது கொடை? அப்பா தலையைச் சொறிந்தார்.

அழுக்குத் துணியோடு வந்த அம்மா, கல்லையும் வியாபாரியின் வெறுங்காலையும் பார்த்தாள். பிறகு மூட்டையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போய்விட்டாள்.

தான் சொன்னது பொய் என்று செல்லக்கனிக்குத் தெரியும். ஆனாலும் கிடாயைக் கூட்டிவரப் போனவளின் கால்கள் நாலடி தள்ளியே நின்றுவிட்டன. காலையில் அவளே பாவாடை துவைத்த கல். சோப்பு நுரைகூட அதில் இன்னும் காயவில்லை.