கல்லறைத் தோட்டத்துக் கொய்யா

சவுரியம்மாள் பாதையை விட்டு விலகி, கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்து, நேராகக் கொய்யா மரத்தடிக்குப் போனாள்.

பின்னால் வந்த குப்பம்மாள் பாதையிலேயே நின்றுவிட்டாள்.

"ஏ சவுரி, எங்கடி போற? வழி இப்பிடி."

சவுரியம்மாள் திரும்பவில்லை.

இருவரும் திண்டிவனம் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தார்கள். சவுரியம்மாளுக்கு இது ஏழாம் மாதம். கொஞ்ச நாளாக ஈறில் ரத்தம் கசிந்தது. காலையில் பல் விளக்கித் துப்பினால் மண் சிவந்தது. பக்கத்து வீட்டுக் குப்பம்மாள்தான் விடாப்பிடியாக அழைத்துப் போனாள்.

டாக்டரம்மா உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். காலில் இருந்த நீலத் திட்டுகளை அழுத்திப் பார்த்தாள். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டாள்.

கேப்பைக் கூழ். கருவாடு. கடலை பிடுங்கும் காலமானால் மல்லாட்டை.

"பழம்?"

சவுரியம்மாள் குப்பம்மாளைப் பார்த்தாள்.

"மாத்திரை மட்டும் போதாதும்மா. தினம் ஒரு பழமாவது சாப்பிடணும். இப்படியே விட்டுட்டு, பிரசவத்துல ரத்தம் நிக்கலைன்னா நானும் ஒண்ணும் செய்ய முடியாது."

திரும்பும் வழியெல்லாம் குப்பம்மாள்தான் பேசிக்கொண்டு வந்தாள். ஜப்பான்காரன் சண்டை வந்த பிறகு கடையில் வாழைப்பழத்தின் பக்கமே போக முடியவில்லை. மாந்தோப்புக்கு முள்வேலியும் காவலும் உண்டு. ஏரிக்கரை நாவல் முடிந்துவிட்டது. இலந்தைக்கு மார்கழி வரவேண்டும்.

சவுரியம்மாளின் புருஷன் ராயப்பன் விழுப்புரம் ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவன். போன மாதம் ஒரு ஆரஞ்சு கொண்டுவந்தான். பட்டாள ரயிலிலிருந்து பிளாட்பாரத்தில் விழுந்து, ஒரு பக்கம் நசுங்கிய பழம். அவள் அதைத் தோலோடு தின்றாள்.

அடுத்த ஆரஞ்சு எப்போது விழுமோ.

"பழம் துன்னு துன்னுன்னா? கூடவே ஒரு மரத்தயும் குடுத்து அனுப்பியிருக்கலாம் அந்தம்மா" என்று குப்பம்மாள் சொல்லி முடிக்கவும், கல்லறைத் தோட்டத்து மண்சுவர் வரவும் சரியாக இருந்தது.

அந்தக் கொய்யாவை நட்டவர் என்று ஊரில் யாரும் இல்லை. சின்னப் பிள்ளைகளைப் புதைக்கும் மூலையில், மேடுகளெல்லாம் மழையில் கரைந்து தரையோடு தரையாகிவிட்ட இடத்தில், தானாக முளைத்து வந்தது. போன வருடம்தான் காய்க்கத் தொடங்கியது. கிளி தின்னும், அணில் தின்னும். மனிதர் யாரும் தொடமாட்டார்கள். பசியில் அழுகிற பிள்ளைகள்கூட அந்தப் பக்கம் போகாது. உள்ளே சதை ரத்தச் சிவப்பாக இருக்கும் என்று பார்க்காதவர்களே சொன்னார்கள்.

சவுரியம்மாளும் இதுவரை ஒரு பழம் பறித்ததில்லை. கல்லறைத் திருநாளில் எல்லாரும் மெழுகுவத்தி ஏற்ற வரும்போது அவள் மரத்துக்கு எட்டவே நின்றுகொள்வாள்.

இப்போது கிட்டே நின்றாள்.

காற்று இல்லை. ஓர் இலைகூட அசையவில்லை. தாழ்ந்த கிளையில், குழந்தைக்குக்கூட எட்டும் உயரத்தில், கிளி கொத்தாத பழம் ஒன்று மஞ்சளாகத் தொங்கியது.

அவள் அதைத் தொடாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கை வயிற்றின்மேல் இருந்தது.

"வாணாண்டி. பொணத்தத் துன்னு வளந்த மரம். புள்ளத்தாச்சி நீ. வயித்துல இருக்கறத எதுனா புடிச்சிக்கினா இன்னா பண்ணுவ?"

சவுரியம்மாள் பறித்தாள். கிளை ஒருமுறை துள்ளி நின்றது.

முந்தானையில் துடைத்துக் கடித்தாள். உள்ளே சிவப்பு இல்லை. வெள்ளைச் சதைதான். கடித்த இடத்தில் அவளுடைய ஈறின் ரத்தம் மட்டும் பட்டிருந்தது.

குப்பம்மாள் அவசர அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

சவுரியம்மாள் நிதானமாக, விதையைக்கூடத் துப்பாமல், முழுப் பழத்தையும் தின்று முடித்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதை அவள் துடைக்கவில்லை.

"உனக்கு பயமே இல்லியாடி?"

"இன்னாத்துக்குக்கா பயம்? எம் பொண்ணு இருக்கற எடம்."

அவளுடைய மூத்த பெண் லூர்துமேரி காய்ச்சலில் போய் ஐந்து வருடம் ஆகிறது. அந்த மூலையில் எங்கோதான் புதைத்தார்கள். சரியான இடம் குப்பம்மாளுக்கு நினைவில்லை.

"காச்சல்ல கெடந்தப்ப கொய்யாப்பழம், கொய்யாப்பழம்னு அதயே கேட்டுக்கினு இருந்தா. குடுத்தா ஜன்னி கண்டுடும்னு எல்லாரும் சொன்னீங்க. நீயுந்தான் சொன்ன. நானும் குடுக்கல."

குப்பம்மாள் இரண்டடி கிட்டே வந்தாள்.

"பொட்டில வெச்சி மூடறதுக்கு மின்ன, யாருக்கும் தெரியாம அவ கைக்குள்ள ஒரு பழத்த வெச்சி அனுப்பனேன்."

குப்பம்மாளின் பார்வை மரத்தின் தூரிலிருந்து மெல்ல மேலேறி, பழம் இருந்த கிளையில் வந்து நின்றது.

"அவளுதுன்னுதான் இத்தினி நாளா தொடல. இன்னிக்குக் கேட்டுட்டுத்தாங்க்கா பறிச்சேன்."

என்ன பதில் வந்தது என்று குப்பம்மாள் கேட்கவில்லை.